கிராஃபீனுக்கு அண்டை அடுக்கு கொடுப்பது

மீன்பிடித் தடைக்காலத்தின் நடுவில், மே மாதத்துப் பிற்பகல் ஒன்றில், மண்டபம் வடக்குக் கடற்கரையில் சித்தப்பா இரண்டு வலைகளைப் பூவரச மரத்து நிழலில் ஒன்றின் மேல் ஒன்றாக விரித்துப் போட்டிருந்தார். கீழே கிடந்த நீல வலையின் கண் நான்கு சென்டிமீட்டர். மேலே கிடந்த பச்சை வலையின் கண் மூன்று. கிட்டே நின்று பார்த்தபோது நூலும் முடிச்சும்தான் தெரிந்தன. நான்கு அடி பின்னால் நகர்ந்து நின்றதும், இரண்டு வலைகளிலும் இல்லாத பெரிய கட்டங்கள் எழும்பித் தெரிந்தன. பச்சையில் நான்கு கண், நீலத்தில் மூன்று கண், பிறகு முடிச்சின் மேல் முடிச்சு. மறுபடியும் நான்கு, மறுபடியும் மூன்று. காற்று மேல் வலையின் ஓரத்தைத் தூக்கிச் சற்றே திருப்பிப் போட்டபோது அந்தக் கட்டங்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் சுருங்கி வேறு பக்கமாகத் திரும்பிக்கொண்டன.

"என்னப்பா, அவ்வளவு நேரமா கண்ணை எண்ணிக்கிட்டிருக்க?" என்று சித்தப்பா கேட்டார்.

"நாலுக்கு மூணு வருதான்னு பாக்குறேன், சித்தப்பா."

கையிலிருந்த ஊசியை நிறுத்தாமலே, "வரும், வராம எங்க போகும்" என்றார்.

இந்த நாலுக்கு மூணு என்ற கணக்கோடுதான் என் முனைவர் பட்ட ஆண்டுகள் முழுவதும் கழிந்தன. கிராஃபீன் என்பது கார்பன் அணுக்கள் தேன்கூட்டு வடிவில் அடுக்கிய ஒற்றை அணுத் தடிமன் கொண்ட தாள்; அதன் வடிவம் 0.246 நானோமீட்டருக்கு ஒருமுறை திரும்ப வரும். டங்ஸ்டன் டைசெலினைடு என்பது டங்ஸ்டன் அணுக்களின் தளம் ஒன்றை இருபுறமும் செலினியம் அணுக்களின் தளங்கள் மூடியிருக்கும் மற்றொரு தாள். அதில் அந்த நீளம் 0.328 நானோமீட்டர். முன்னதை நான்கால் பெருக்கினாலும் பின்னதை மூன்றால் பெருக்கினாலும் 0.984 தான் வருகிறது. இந்த இரண்டு தாள்களையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால், கிராஃபீனுக்குப் பிறவியில் ஏறக்குறைய இல்லாத ஒரு குணம், ஸ்பின்-சுற்றுப்பாதைப் பிணைப்பு, அதற்கு வந்து சேர்கிறது. அந்தக் குணத்தைப் பற்றியும் அது வந்து சேரும் விதத்தைப் பற்றியும் தமிழில் ஒருமுறையாவது முழுமையாக எழுதிவிட வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். சித்தப்பாவின் வலைகள் அதற்கு நாள் குறித்துக் கொடுத்துவிட்டன.

எலக்ட்ரானுக்கு மின்னூட்டம் இருப்பது போலவே ஸ்பின் என்ற ஒன்றும் உண்டு. பள்ளிப் பாடநூல்கள் அதைத் தற்சுழற்சி என்று சொல்லும். ஒவ்வொரு எலக்ட்ரானும் மிகச் சிறிய காந்த ஊசி ஒன்றைச் சுமந்து செல்வதாக எண்ணிக்கொண்டால் இந்தப் பதிவுக்குப் போதும். அணுக்கருவின் மின்புலத்தில் வேகமாக ஓடும் எலக்ட்ரானுக்கு, சார்பியல் விதிகளின்படி, அந்த மின்புலத்தின் ஒரு பகுதி காந்தப்புலமாகத் தோன்றுகிறது. எலக்ட்ரான் சுமக்கும் ஊசி அந்தக் காந்தப்புலத்துக்குக் கட்டுப்பட்டுத் திரும்புகிறது. எலக்ட்ரான் ஓடும் திசையும் அதன் ஸ்பின் நிற்கும் திசையும் இவ்வாறு ஒன்றோடொன்று கட்டுப்படுவதையே ஸ்பின்-சுற்றுப்பாதைப் பிணைப்பு என்கிறோம். வெளியிலிருந்து காந்தம் எதையும் கொண்டுவராமல், மின்புலத்தை மட்டும் கொண்டே ஸ்பின்னைத் திருப்ப முடியும் என்ற நம்பிக்கை இந்தப் பிணைப்பிலிருந்துதான் பிறக்கிறது. 1990இல் சுப்ரியோ தத்தாவும் பிஸ்வஜித் தாஸும் முன்வைத்த ஸ்பின் டிரான்சிஸ்டர் என்ற கருத்தின் அச்சாணியும் இதுதான்.

அணுக்கரு கனமாக இருந்தால் அதன் அருகே மின்புலமும் எலக்ட்ரானின் வேகமும் மிகுதி. ஆகவே இந்தப் பிணைப்பும் வலுவாக இருக்கும். கார்பனின் அணு எண் 6. டங்ஸ்டனின் அணு எண் 74. கார்பன் இலேசானது என்பதோடு இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. கிராஃபீனில் மின்சாரத்தைச் சுமக்கும் எலக்ட்ரான்கள் தாளுக்கு மேலும் கீழுமாக நீளும் ஆர்பிட்டல்களில் இருக்கின்றன. தாள் தட்டையாகவும் மேலும் கீழும் சமச்சீராகவும் இருப்பதால், கார்பன் அணுவுக்குள் இருக்கும் அந்தச் சிறிதளவு பிணைப்புகூட இந்த எலக்ட்ரான்களை நேரடியாக வந்தடைவதில்லை. எஞ்சுவது கணக்கீட்டின்படி சுமார் 24 மைக்ரோ எலக்ட்ரான் வோல்ட் (எலக்ட்ரான் வோல்ட் என்பது இத்தகைய நுண்ணிய ஆற்றலை அளக்கும் அலகு; மில்லி அதன் ஆயிரத்தில் ஒரு பங்கு, மைக்ரோ பத்து லட்சத்தில் ஒரு பங்கு). அறை வெப்பநிலையில் வெப்பத்தின் அசைவு 25 மில்லி எலக்ட்ரான் வோல்ட், அதாவது அதைப்போல ஆயிரம் மடங்கு. கிராஃபீனின் சொந்தப் பிணைப்பை வெப்பம் மறைத்துவிடாமல் காண வேண்டுமானால் மாதிரியைக் கெல்வின் அளவில் ஒன்றுக்கும் கீழே, தனிச்சுழி எனப்படும் மிகக் கடைசிக் குளிருக்குப் பக்கத்தில், குளிர்விக்க வேண்டியிருக்கும்.

இதில் வேதனையும் உண்டு, வாய்ப்பும் உண்டு. 2004இல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் ஒட்டுநாடாவைக் கொண்டு கிராஃபைட்டை உரித்துக் கிராஃபீனைத் தனியே எடுத்தார்கள். மறு ஆண்டே சார்லஸ் கேனும் யூஜின் மெலும், கிராஃபீனின் ஸ்பின்-சுற்றுப்பாதைப் பிணைப்பு அதன் உட்பகுதியை மின்கடத்தாப் பொருளாக்கி, விளிம்பில் மட்டும் எதிரெதிர் ஸ்பின்கள் எதிரெதிர்த் திசையில் ஓடும் நிலையை உருவாக்கும் என்று எழுதினார்கள். இன்று டோபாலஜிக்கல் மின்கடத்தாப் பொருள்கள் என்று சொல்லப்படும் துறையின் விதை அந்தக் கட்டுரை. ஆனால் விதையை ஊன்றிய நிலத்தில் அது முளைக்கவில்லை. பிணைப்பு அவ்வளவு சிறியதாக இருந்ததால், 2007இல் அந்த நிலையை முதலில் கண்டது பாதரச டெல்லூரைடு என்ற கனமான பொருளில்தான்.

மறுபக்கம் பார்த்தால், பிணைப்பு இல்லாததால்தான் கிராஃபீன் ஸ்பின்னை வெகுதூரம் கலையாமல் சுமந்து செல்கிறது. ஸ்பின்னைத் திருப்பிவிட அங்கே எதுவும் இல்லை. 2007இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் அறை வெப்பநிலையிலேயே மைக்ரோமீட்டர் கணக்கில் ஸ்பின் பயணம் செய்வதைக் காட்டினார்கள். பிறகு போரான் நைட்ரைடு என்ற மின்கடத்தாப் பொருளின் அடுக்குகளைக் கொண்டு கிராஃபீனைத் தூய்மையாகப் பாதுகாக்கக் கற்றுக்கொண்டதும், ஸ்பின் 12 நானோசெகண்டுக்கு மேல் உயிரோடிருந்து 30 மைக்ரோமீட்டர் வரை சென்றது. ஏற்றிய சரக்கை ஒரு துளி சிந்தாமல் கொண்டு சேர்க்கும் வாகனம் அது. ஆனால் சரக்கை ஏற்றவும் இறக்கவும் வழியில் திசைதிருப்பவும் அதற்குக் கைகள் இல்லை. பிணைப்பு வேண்டும், ஆனால் வாகனம் கெட்டுவிடக் கூடாது. என் துறையின் கவலை முழுவதும் இந்த ஒரு வரிக்குள் அடங்கும்.

முதலில் தோன்றிய வழி, கனமான அணுக்களைக் கிராஃபீன் மீது தூவுவது. இண்டியம் அல்லது தாலியம் அணுக்களைச் சிறிதளவு தூவினாலே போதும் என்று 2011இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். கணக்கு அழகானது, ஆனால் தூவிய அணுக்கள் தூவிய இடத்தில் நிற்பதில்லை, ஒன்றுகூடிக் கட்டி கட்டியாகின்றன, எலக்ட்ரான்களின் வழியில் கல்லாகக் கிடந்து அவற்றைச் சிதறடிக்கின்றன. ஹைட்ரஜனைக் கிராஃபீனோடு வேதிப்பிணைப்பில் சேர்த்துத் தாளை ஆங்காங்கே புடைக்கச் செய்யும் வழியும் உண்டு. அதிலும் தாளின் சமதளம் குலைகிறது. எதைச் சேர்த்தாலும் கிராஃபீனைக் காயப்படுத்தித்தான் சேர்க்க வேண்டியிருந்தது.

கிராஃபீனைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் ஓர் அண்டை வீட்டைத் தேடியபோது கிடைத்தவைதான் டங்ஸ்டன் டைசல்ஃபைடு, டங்ஸ்டன் டைசெலினைடு, மாலிப்டினம் டைசல்ஃபைடு ஆகிய அடுக்குப் பொருள்கள். இவை கிராஃபைட்டைப் போலவே தாள் தாளாக உரியக் கூடியவை. இரு தாள்களுக்கு இடையே வேதிப்பிணைப்பு இல்லை, வான் டெர் வால்ஸ் ஈர்ப்பு என்ற பலவீனமான ஒட்டுதல் மட்டுமே உண்டு. ஆகவே கிராஃபீனை இவற்றின் மீது வைத்தால் கார்பனின் வேதிப்பிணைப்பு ஒன்றுகூட உடைவதில்லை. சுமார் மூன்றில் ஒரு நானோமீட்டர் இடைவெளியில் இரண்டும் அமைதியாகப் படிந்து கிடக்கின்றன. இவற்றுக்குள்ளோ ஸ்பின்-சுற்றுப்பாதைப் பிணைப்பு கொட்டிக் கிடக்கிறது. டங்ஸ்டன் டைசெலினைட்டின் ஒற்றை அடுக்கில் மேல் ஸ்பின்னுக்கும் கீழ் ஸ்பின்னுக்கும் உரிய ஆற்றல் நிலைகள் சுமார் 0.46 எலக்ட்ரான் வோல்ட் அளவுக்குப் பிரிந்து நிற்கின்றன. மாலிப்டினம் டைசல்ஃபைடில் அந்தப் பிரிவு சுமார் 0.15. கிராஃபீனின் 24 மைக்ரோவோடு ஒப்பிட்டால் இது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

பூவோடு சேர்ந்த நாரும் மணம் பெறும் என்ற பழமொழியை வகுப்பில் சொல்லித்தான், பக்கத்தில் இருப்பதாலேயே ஒன்றின் குணம் மற்றதற்கு வரும் அருகாமை விளைவை அறிமுகப்படுத்துகிறேன். ஆனால் அந்த மணம் எந்த வழியாக வருகிறது என்பதைச் சொல்லாமல் விட்டால் மாணவர்களுக்குப் பழமொழி மட்டுமே மிஞ்சும். கிராஃபீனின் எலக்ட்ரான்கள் இருக்கும் ஆற்றல் மட்டம், அண்டை அடுக்கில் எலக்ட்ரான்களுக்கு இடமே இல்லாத ஆற்றல் இடைவெளிக்குள் வந்து விழுகிறது. அதனால் கிராஃபீனின் எலக்ட்ரான் அண்டை அடுக்குக்குக் குடிபெயர முடியாது. ஆனால் குவாண்டம் விதிகள் அதை எட்டிப் பார்க்க அனுமதிக்கின்றன. எலக்ட்ரானின் அலை அந்த இடைவெளியைத் தாண்டி டங்ஸ்டனின் ஆர்பிட்டல்களைத் தொட்டுவிட்டு உடனே திரும்புகிறது. அந்தத் தொடுகையில் டங்ஸ்டனின் மின்புலத்தைச் சிறிதளவு அது உணர்ந்துவிடுகிறது. அலையின் மிகச் சிறு பங்குதான் அங்கே போய்வருகிறது, ஆகவே 0.46 எலக்ட்ரான் வோல்ட்டில் மிகச் சிறு பங்குதான் கிராஃபீனுக்குக் கிடைக்கிறது. அந்தச் சிறு பங்கே ஏறத்தாழ ஒரு மில்லி எலக்ட்ரான் வோல்ட். கிராஃபீனின் சொந்தப் பிணைப்பைப்போல நாற்பது மடங்கு. ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிமித்ராவும் யாரோஸ்லாவ் ஃபேபியனும் 2015இல் தொடங்கி வெளியிட்ட கணக்கீடுகளைத்தான் இந்தத் துறையில் இருப்பவர்கள் இன்றும் கையில் வைத்துக்கொண்டு நடக்கிறோம்.

ஒரு மில்லி எலக்ட்ரான் வோல்ட் என்றால் எவ்வளவு என்று மாணவர்கள் கேட்பதுண்டு. எலக்ட்ரானின் இரு ஸ்பின் நிலைகளை அந்த அளவுக்கு வெளிக் காந்தம் கொண்டு பிரிக்க வேண்டுமானால் சுமார் 8.6 டெஸ்லா புலம் தேவைப்படும். மருத்துவமனை எம்.ஆர்.ஐ. கருவிகளில் பெரும்பாலானவை 1.5 அல்லது 3 டெஸ்லா. மீக்கடத்திச் சுருளும் திரவ ஹீலியமும் வைத்துப் பெற வேண்டிய அளவு விளைவை, கண்ணுக்குத் தெரியாத ஒரு செதில் பக்கத்தில் படுத்துக்கொண்டே கொடுத்துவிடுகிறது. முதன்முதலாக இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்றும் குறையவில்லை.

அண்டை அடுக்கு கொடுப்பது ஒன்றல்ல, இரண்டு. முதலாவது, ராஷ்பா பிணைப்பு: கிராஃபீனுக்குக் கீழே டங்ஸ்டன் அடுக்கும் மேலே வேறொன்றும் இருப்பதால் மேல் கீழ் சமச்சீர் குலைகிறது, அதனால் எலக்ட்ரான் ஓடும் திசைக்குக் குறுக்கே, தாளின் தளத்திலேயே கிடக்கும் காந்தப்புலம் ஒன்றை அது உணர்கிறது. இரண்டாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கிராஃபீனின் எலக்ட்ரான்கள் உந்த வெளியில், அதாவது எலக்ட்ரான்களை அவற்றின் இடத்தால் அல்லாமல் உந்தத்தால் குறிக்கும் வரைபடத்தில், இரண்டு வேறு இடங்களில் குடியிருக்கின்றன. அவற்றைப் பள்ளத்தாக்குகள் என்கிறோம். டங்ஸ்டன் அடுக்கு ஒரு பள்ளத்தாக்கில் இருக்கும் எலக்ட்ரானுக்குத் தாளுக்குச் செங்குத்தாக மேல்நோக்கிய காந்தப்புலம் போலவும், மற்றதில் இருக்கும் எலக்ட்ரானுக்குக் கீழ்நோக்கிய காந்தப்புலம் போலவும் தன்னைக் காட்டுகிறது. இதற்குப் பள்ளத்தாக்கு-சீமன் பிணைப்பு என்று பெயர்.

எங்கள் ஊர்க்காரருக்கு இதை விளக்குவது எளிது. மண்டபத்திலிருந்து தனுஷ்கோடி வரை நிலம் ஒடுங்கிக் கிடக்கிறது. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. கச்சான் வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம்போல் கிடக்கும். வாடை தொடங்கினால் நிலைமை தலைகீழாகும். ஒரே காற்றுதான், ஆனால் எந்தக் கடலில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் முகம் மாறுகிறது. கிராஃபீனின் எலக்ட்ரானுக்கும் அப்படித்தான்: ஒரே அண்டை அடுக்கு, இரண்டு பள்ளத்தாக்குகளில் இரண்டு எதிரெதிர் முகங்கள். இரண்டையும் கூட்டினால் சுழி வருவதால் கிராஃபீன் காந்தமாகிவிடுவதில்லை. உவமை இதற்கு மேல் நீளாது. கடலில் கொந்தளிப்புக்கு எதிர் அமைதி, இங்கோ மேல்நோக்கிய புலத்துக்கு எதிர் அதே வலிமையுள்ள கீழ்நோக்கிய புலம். ஆனால் எலக்ட்ரான் ஏதேனும் ஒரு குறையில் மோதி, பாம்பன் கால்வாயைக் கடக்கும் வள்ளம்போல, ஒரு பள்ளத்தாக்கிலிருந்து மற்றதற்குத் தாவினால் அதன் ஸ்பின் உணரும் புலம் அந்தக் கணமே திசைமாறும் என்பதை மட்டும் இந்த உவமையிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அதிலிருந்து ஒரு துல்லியமான முன்கணிப்பு பிறக்கிறது. தாளின் தளத்தில் படுத்திருக்கும் ஸ்பின், செங்குத்தான அந்தப் புலத்தைச் சுற்றி வேகமாகச் சுழலும். பள்ளத்தாக்கு மாறும்போதெல்லாம் சுழலும் திசையும் மாறும். ஆகவே மிக விரைவில் திசை தடுமாறிக் கலைந்துவிடும். செங்குத்தாக நிற்கும் ஸ்பின்னை அந்தப் புலம் அசைக்க முடியாது, ஏனென்றால் இரண்டும் ஒரே கோட்டில் இருக்கின்றன. அதைக் கலைக்க ராஷ்பா பிணைப்பு மட்டுமே உண்டு. எனவே நிற்கும் ஸ்பின் படுத்திருக்கும் ஸ்பின்னைவிடப் பல மடங்கு நீண்ட நேரம் உயிரோடிருக்க வேண்டும். ராஷ்பா மட்டும் இருந்தால் இதற்கு நேர்மாறாக, நிற்கும் ஸ்பின்னின் ஆயுள் பாதியாகத்தான் இருக்கும். 2017இல் இந்தக் கணிப்பு வெளிவந்தது. சிறிது காலத்துக்குள்ளேயே குரோனிங்கனிலும் பார்சிலோனாவிலும் அளந்து பார்த்தார்கள். இரு இடங்களிலும் நிற்கும் ஸ்பின்னின் ஆயுள் ஏறத்தாழ பத்து மடங்கு அதிகமாக இருந்தது. பார்சிலோனாவில் அதை அறை வெப்பநிலையிலேயே கண்டார்கள். பிணைப்பு கிராஃபீனுக்குள் உண்மையிலேயே வந்து சேர்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி இல்லை என்பது என் கருத்து. தொடக்க காலத்தில், மின்னோட்டம் செல்லாத இடத்தில் தோன்றும் மின்னழுத்தத்தை மட்டும் வைத்துப் பெரிய பெரிய பிணைப்பு அளவுகளைச் சொல்லிவந்தார்கள். காந்தப்புலத்தில் ஸ்பின் சுழன்று குறிகை ஏறி இறங்குவதைக் காட்டாத எந்த அளவையும் நான் என் மாணவர்களுக்கு ஆதாரமாகச் சொல்வதில்லை.

இன்னொரு சாட்சி, 2015இல் ஜெனீவாவில் ஆல்பெர்ட்டோ மோர்புர்கோவின் குழு டங்ஸ்டன் டைசல்ஃபைடு மீது வைத்த கிராஃபீனில் கண்ட பலவீன எதிர்-ஓரிடமாக்கம் (weak antilocalization) என்ற விளைவு. பெயர் கடினம், உள்ளே இருப்பது எளிது. இராமேசுவரம் கோயிலின் மூன்றாம் பிரகாரத்தில் ஒரே இடத்திலிருந்து ஒருவர் வலமாகவும் மற்றொருவர் இடமாகவும் புறப்பட்டால் இருவரும் ஒரே தூரம் நடந்து புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வார்கள். குளிர்ந்த உலோகத்தில் எலக்ட்ரானின் அலையும் இப்படி இரு வழியாகவும் ஒரே நேரத்தில் சுற்றிவருகிறது. இரண்டு அலைகளும் ஒரே தூரம் வந்ததால் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. எலக்ட்ரான் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் வாய்ப்பு கூடுகிறது, மின்தடை சற்றே ஏறுகிறது. ஆனால் ஸ்பின்-சுற்றுப்பாதைப் பிணைப்பு இருந்தால், வலம் வந்த அலையின் ஸ்பின் ஒரு பக்கமாகவும் இடம் வந்ததன் ஸ்பின் எதிர்ப்பக்கமாகவும் திரும்பியிருக்கும். சந்திக்கும்போது அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன, மின்தடை இறங்குகிறது. சிறிதளவு காந்தப்புலத்தைப் போட்டால் இந்த ஒத்திசைவு முழுவதும் குலையும். ஆகவே காந்தப்புலம் சுழியாக இருக்கும் இடத்தில் மின்கடத்துதிறன் கூர்மையாக எழுந்து நின்றால் பிணைப்பு உண்டு. பள்ளம் விழுந்தால் இல்லை.

அந்தப் பள்ளத்தை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மூன்று வாரம் செலவழித்துச் செய்த மாதிரி அது. ஒட்டுநாடாவால் கிராஃபைட்டை உரித்து, ஏறத்தாழ 285 நானோமீட்டர் ஆக்சைடு பூசிய சிலிக்கான் மீது அழுத்தி, நுண்ணோக்கியில் மணிக்கணக்காகத் தேடினால், ஊதா நிறப் பரப்பில் அதைவிட மிக இலேசாகக் கருத்த ஒரு திட்டு தென்படும். அதுதான் ஒற்றை அடுக்கு. அதைப் பாலிமர் படலம் ஒன்றின் முனையில் பிடித்திருந்த போரான் நைட்ரைடு செதிலால் தூக்கி, டங்ஸ்டன் டைசெலினைடு செதிலின் மேல் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே இறக்க வேண்டும். இறங்கும்போது இரு அடுக்குகளும் சேரும் கோடு, கரையேறும் அலையின் நுனிபோல, செதிலின் மேல் மெல்ல நகர்ந்து செல்வது கண்ணுக்குத் தெரியும். அந்தக் கோட்டை விரட்டாமல், வெப்பத்தைச் சிறிது சிறிதாக ஏற்றி நகர்த்துவதுதான் கைத்திறன்.

அன்று நான் அந்தக் கோட்டைச் சரியாகத்தான் நகர்த்தினேன். பிழை அதற்கு முந்திய இரவில் நடந்தது. காற்றுப் படாமல் மாதிரிகளைக் கையாள உதவும், நைட்ரஜன் நிறைத்த குளவ் பாக்ஸ் என்ற பெட்டி அன்று இயங்கவில்லை. காலையில் சரியாகிவிடும் என்று சொன்னார்கள். உரித்த டங்ஸ்டன் டைசெலினைடு செதில்களை நான் திறந்த பெட்டியிலேயே வைத்துவிட்டுப் போனேன். ஓர் இரவுக் காற்றில் இருந்த ஈரமும் ஹைட்ரோகார்பன்களும் செதிலின் மேல் படிந்துவிட்டன. ஒளி நுண்ணோக்கியில் எல்லாம் பளிச்சென்று இருந்தது. குளிர்வித்து அளந்தபோது சுழியில் பள்ளம். பிறகு அணுவிசை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், கிராஃபீனுக்குக் கீழே கொப்புளம் கொப்புளமாக அழுக்கு. அளக்க நான் தேர்ந்தெடுத்திருந்த பகுதி முழுவதும் அண்டை அடுக்கிலிருந்து தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது. இடைவெளி கூடினால் எட்டிப் பார்க்கும் அலை அடுக்குக்குறி விகிதத்தில் தேய்ந்துவிடும். சில நானோமீட்டர் போதும், டங்ஸ்டன் பக்கத்தில் இருப்பதே கிராஃபீனுக்குத் தெரியாமல் போக. மண்டபத்தில் பிறந்து, இரும்புக் கதவு மூன்று ஆண்டில் உப்புக்காற்றில் இற்றுப்போவதைப் பார்த்து வளர்ந்த நான், காற்றைப் பொருட்படுத்தாமல் விட்டதை நினைத்தால் இன்னும் வலிக்கிறது. அடுத்த மாதிரியை உரித்த அன்றே அடுக்கினேன். அதில் சுழியில் கூர்மை எழுந்து நின்றது.

பிணைப்பு வந்துவிட்டால் வேலை முடிந்துவிடுவதில்லை, ஏனென்றால் வாகனம் கெடாமல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இன்னும் மீதமிருக்கிறது. டங்ஸ்டன் அடுக்கைத் தொடும் கிராஃபீனில் ஸ்பின்னின் ஆயுள் நானோசெகண்டிலிருந்து பிக்கோசெகண்ட் கணக்குக்கு இறங்கிவிடுகிறது. இதற்குக் கண்ட தீர்வு எளிமையானது, ஆகவே அழகானது: நீண்ட கிராஃபீன் பட்டையின் பெரும்பகுதியை வெறுமனே விட்டுவிட்டு, ஸ்பின்னை மின்னோட்டமாக மாற்ற வேண்டிய இடத்தில் மட்டும் அண்டை அடுக்கை வைப்பது. 2019இல் ஸ்பெயினின் சான் செபாஸ்டியனில், மாலிப்டினம் டைசல்ஃபைடு செதிலைக் கிராஃபீனின் குறுக்குப்பகுதியில் மட்டும் வைத்து, வெறும் கிராஃபீன் வழியே வந்த ஸ்பின் ஓட்டம் அங்கே குறுக்கு மின்னழுத்தமாக மாறுவதை அறை வெப்பநிலையிலேயே காட்டினார்கள். இது ஸ்பின் ஹால் விளைவின் தலைகீழ் வடிவம். ஒரே தாள் ஓரிடத்தில் பாதை, இன்னோரிடத்தில் கருவி.

இரட்டை அடுக்குக் கிராஃபீனில் இன்னும் நுட்பமான வழி திறக்கிறது. டங்ஸ்டன் டைசெலினைடை ஒருபக்கம் மட்டும் வைத்தால், அதைத் தொடும் கிராஃபீன் அடுக்குக்கு மட்டுமே பிணைப்பு கிடைக்கிறது. மற்ற அடுக்கு பழைய கிராஃபீனாகவே இருக்கிறது. வெளியிலிருந்து மின்புலம் போட்டு எலக்ட்ரான்களை ஓர் அடுக்கிலிருந்து மற்ற அடுக்குக்குத் தள்ளினால், ஸ்பின்-சுற்றுப்பாதைப் பிணைப்பை ஸ்விட்ச் போட்டு அணைப்பது போல அணைக்கலாம், ஏற்றலாம். தத்தாவும் தாஸும் எண்ணிய டிரான்சிஸ்டருக்கு இதைவிட நெருங்கிய வடிவத்தை நான் அறியேன். 2018இல் சரியான கோணத்தில் திருப்பி அடுக்கிய இரு கிராஃபீன் தாள்கள் மின்தடையே இல்லாத மீக்கடத்தியாவது தெரிந்தபின், டங்ஸ்டன் டைசெலினைடு அங்கேயும் நுழைந்தது. மந்திரக் கோணம் எனப்படும் 1.1 பாகையிலிருந்து நன்றாக விலகிய 0.79 பாகையிலும் மீக்கடத்தல் நீடிப்பதை 2020இல் கண்டார்கள். திருப்பாத இரட்டை அடுக்கிலும் இந்த அண்டை அடுக்கு மீக்கடத்தலை வலுப்படுத்துகிறது.

கல்லூரி திறந்த முதல் வாரத்தில், சித்தப்பாவிடம் கேட்டு வாங்கிய நீல வலைத் துண்டையும் பச்சை வலைத் துண்டையும் வகுப்புக்குக் கொண்டு போனேன். மேசையில் விரித்து, மேல் துண்டை மெல்லத் திருப்பச் சொன்னேன். கட்டங்கள் சுருங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்த மாணவி ஒருவர், "சார், வலையைத் திருப்பினா கட்டம் மாறுது, கிராஃபீனைத் திருப்பினா பிணைப்பும் மாறுமா?" என்று கேட்டார். திறவுகோல் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. கிராஃபீனின் எலக்ட்ரான் எட்டிப் பார்க்கும்போது அண்டை அடுக்கின் உந்த வெளியில் எந்த இடத்தைத் தொடுகிறது என்பதைக் கோணம்தான் தீர்மானிக்கிறது. 2019இல் வந்த கணக்குகளின்படி, சுழிப் பாகையிலிருந்து திருப்பத் தொடங்கினால் பள்ளத்தாக்கு-சீமன் பிணைப்பு முதலில் ஏறும்; பதினைந்து, இருபது பாகைக்குள் உச்சத்தைத் தொடும்; பிறகு இறங்கி 30 பாகையில் முழுவதுமாக மறையும். அந்தக் கோணத்தில் அடுக்கின் சமச்சீர், ஒரு பள்ளத்தாக்குக்கு மேல் என்றும் மற்றதற்குக் கீழ் என்றும் வேறுபாடு காட்ட இடம் தருவதில்லை.

"அப்ப முப்பதுல ஒண்ணுமே மிஞ்சாதா, சார்?" என்றார் அவர்.

"ராஷ்பா மிஞ்சும்மா. அடுக்கு இன்னும் ஒரு பக்கம்தானே இருக்கு" என்றேன். அவர் மேல் வலையை மறுபடி சுழிக்குக் கொண்டு வந்து, முடிச்சும் முடிச்சும் சேரும் வரை பொறுமையாக நகர்த்தி, அங்கிருந்து ஒவ்வொரு பாகையாகத் திருப்பத் தொடங்கினார்.